இரண்டாம் தரம் சொன்னது

பிள்ளைகளே, மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மேல்மாடி மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. அவருக்குக் காய்ச்சல், வருத்தம் ஏதுமா என்று சின்னவள் இரண்டு தரம் டெனிஷில் கேட்டாள். பெரியவன் கேட்கவில்லை. ஆனால் அவருடைய வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். அவருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவர் வராததற்குக் காரணம் நான். அதை வாயால் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும். ஓடி ஓடி வாசிக்கிற சங்கதி இல்லை இது. நானும் ஏழாம் வகுப்போடு தமிழ்ப் படிப்பை விட்டவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. எண்பதுகளின் நடுவில் நாங்கள் டென்மார்க்கில் ஹேர்னிங்குக்கு வந்து இறங்கியபோது கொமூன, அதுதான் நகரசபை, தந்த வீட்டுக்கு நேர் மேலே இருந்தவர், அவ்வளவுதான். எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு ஒன்பது. அப்பா துணி ஆலையில், அம்மா பின்னேரங்களில் மொழிப்பள்ளியில். மாமா கோழித் தொழிற்சாலையில் காலை வேலை. தனி மனிதர். ஊரில் அவருக்கு ஒரு தாயும் ஒரு தங்கச்சியும். முதல் குளிரில் எனக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர் அவர். கடையில் என் காலை அமத்திப் பார்த்து, "பெருவிரலுக்கு இடம் விட்டு வாங்கு தம்பி, இந்த நாட்டுச் சாப்பாட்டுக்குக் கால் ஓடி வளரும்" என்றார். அப்போது அவருக்குப் பெரிய மீசை இருந்தது. உங்களுக்கு அவரை மீசை இல்லாமல்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களில் இரண்டு மூன்று பேரிடம்தான் டெலிபோன் இருந்தது. ஆனால் முக்கால்வாசிப் பேரிடம் சி.பி. ரேடியோ இருந்தது. ஒரு பெட்டி, சுருள் வயரில் ஒரு கைமைக், ஒரு அன்டெனா. மைக்கில் உள்ள பொத்தானை அமத்தினால் கதைக்கலாம், விட்டால் கேட்கலாம். டெனிஷ்காரர் பழசை விற்றுவிட்டுப் புதுசு வாங்குவார்கள், பழசு எங்களுக்கு. எங்கள் அன்டெனாவின் அடியில் காந்தம். அது நிற்க இரும்பு வேண்டும். அதனால் அப்பா அடுப்புக்குள் இருந்த பெரிய தட்டை எடுத்துப் பல்கனியில் வைத்து அதன் மேல் நிறுத்தியிருந்தார். "அன்டெனா அடுப்புத் தட்டிலை, மீன் ஆரின்ரை தலையிலை பொரிக்கிறது?" என்று அம்மா கிழமைக்கு ஒருதரம் கேட்பா.

பதினேழாம் சானல் எங்கள் சானல். மாலை ஆறு மணிக்கு, டெலிபோன் உள்ள அண்ணை ஒருவர் அதில் செய்தி சொல்லுவார். கொழும்பிலிருந்தோ லண்டனிலிருந்தோ அவருக்குக் கிடைத்த ஊர்ச்சேதி: எங்கே ஷெல் விழுந்தது, எந்த றோட்டு பூட்டு, யார் இல்லை. யாழ்ப்பாணத்துக்கு நேரே கதைக்க வழியில்லாத நாட்கள். கடிதம் வர மூன்று கிழமை. ஆகவே அந்தப் பெட்டியில் வந்த குரலை எங்கள் பெரியவர்கள் தலை குனிந்து கேட்டார்கள். தூரத்து ஊர்களில் இருந்தும் சிலவேளை முகம் தெரியாத ஆட்கள் வந்து சேதி சொல்லிவிட்டுப் போவார்கள். யாரும் சந்தேகப்பட்டதில்லை.

என் பள்ளிக்கூடத்தில் ஒரு டெனிஷ் பெடியன் எனக்கு ஒரு எக்கோப் பெட்டியை ஒரு கிழமைக்கு இரவல் தந்தான். சிகரெட் பெட்டி அளவு, சாம்பல் நிறம், ஒரேயொரு திருகு. மைக்குக்கும் ரேடியோவுக்கும் நடுவில் கொளுவ வேண்டும். அவனும் கூட்டாளிகளும் அதைப் போட்டுப் பேய் மாதிரி உறுமுவார்கள், மற்றவர்கள் சானலில் வந்து திட்டுவார்கள். திருகை முழுக்கத் திருப்பினால் நீங்கள் சொன்ன சொல்லே நாலு தரம் திரும்பி வரும், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் தேய்ந்து.

எங்களிடம் இருந்த இரவல் கை ரேடியோவில் தங்கச்சி வெளியே நின்று கேட்க, நான் அறைக்குள் போர்வையை மூடிக்கொண்டு, "வணக்கம்" என்று மட்டும் சொன்னேன். அவள் ஓடி வந்து போர்வையை இழுத்தாள்.

"அண்ணா, செத்தவீட்டுக் கார் மாதிரி இருக்கு."

உங்களுக்கு அது தெரியாது. எங்கள் ஊரில் யாராவது இறந்தால், ஒரு காரின் மேல் லவுட்ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறிவிப்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும் என்று. அந்தக் குரல் வயல்வெளியில் அடித்துத் திரும்பி, ஒரு பெயரை நாலு பெயராக ஆக்கும். குசினியில் நிற்கிற பெண்கள் அகப்பையை வைத்துவிட்டுப் படலைக்கு வருவார்கள். அந்தக் குரலில் வருவது பொய் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

பிறகென்ன. நாங்கள் செத்தவீட்டுக் கார் விளையாடினோம். கணக்கு வாத்தியார் காலமானார். கீழ் வீட்டுப் பூனை காலமானது, மீன்கடைக்காரர் ஆழ்ந்த துயரில் இருந்தார். அப்பா காலை வேலையென்றால் பின்னேரம் நித்திரை, பின்னேர வேலையென்றால் ஆலையில். எல்லா வீட்டிலும் அப்படித்தான், நாலு மணிக்குப் பதினேழாம் சானலில் ஒரு காகமும் இராது என்று எங்களுக்குத் துணிவு.

மூன்றாம் நாள் தங்கச்சி சொன்னாள், "பூனையெல்லாம் பகிடியாக் கிடக்கு. உண்மையான ஆளின்ரை பேர் சொல்லு, அப்பதான் அந்த மாதிரி வரும்."

மாமாவின் கடிதங்களைத் தபால்பெட்டியில் இருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. நீல நிற எயார்மெயில் கடிதத்தின் பின்பக்கத்தில் அவருடைய தாயின் பெயர், ஊர், ஒழுங்கை எல்லாம் அழகான கையெழுத்தில் இருக்கும். நீட்டிச் சொல்ல வாகான பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்குச் சொன்னேன். ஊரையும் சொன்னேன். காலமானார் என்றேன். குரலைத் தடிப்பாக்கி, மூக்கால் இழுத்து, திருகை முழுக்கத் திருப்பி.

மேலே ஏதோ விழுந்தது. கதிரையாக இருக்க வேண்டும். தங்கச்சி கூரையைப் பார்த்தாள்.

ரேடியோ கரகரத்தது. மாமாவின் குரல்.

"ஆர் கதைக்கிறது? ஐயா, ஆர் கதைக்கிறீங்கள்? எனக்கு வடிவாக் கேக்கேல்லை. ஐயா, திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ."

மைக் என் கையில் இருந்தது. தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினாள். அது எனக்கு நல்ல ஞாபகம்.

நான் பொத்தானை அமத்தித் திரும்பச் சொன்னேன். முதல் தரத்தைவிட நிதானமாக, தெளிவாக. ஊர், ஒழுங்கை, பெயர். காலமானார், மானார், மானார். பிறகு ரேடியோவை நிற்பாட்டினேன்.

ஆறு மணிக்கு அப்பா, அம்மா இருவரும் வீட்டில் இருக்கும்போது மாமா வாசலில் வந்து நின்றார். தோளில் ஒரு துவாய். செருப்பில்லை. "அக்கா, அம்மா போயிட்டா" என்றார். அம்மா அவரைக் கையில் பிடித்து இருத்தினா.

அப்பா கேட்டார், "ஆர் சொன்னது?"

"சானலிலை சொன்னவை. ஆரோ வயசானவர். நான் திருப்பிக் கேட்டனான், திருப்பியும் அதையேதான் சொன்னவர். ஊர் பேர் எல்லாம் சரி."

செய்தி சொல்லும் அண்ணை தனக்கு ஒன்றும் வரவில்லை என்றார். வேறு ஊர் ஆட்களுக்கு வந்திருக்கும் என்று பெரியவர்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். இரண்டு தரம் சொல்லப்பட்ட சேதி. அதற்கு மேல் யார் என்ன கேட்பது? மாமா ஊரில் இருந்த தன் தங்கச்சிக்குத் தந்தி அடித்தார். மறுமொழி வரவில்லை, வராததும் ஒரு மறுமொழியாகவே எடுக்கப்பட்டது.

நாங்கள் வேதக்காரர், கத்தோலிக்கர். மாமா சைவம். தாய் இறந்தால் மகன் தலையும் மீசையும் மழிக்க வேண்டும். ஹேர்னிங்கில் அதை யாரிடம் போய்ச் செய்விப்பது? சனிக்கிழமை காலை எங்கள் குளியலறையில், அப்பாவின் சவர அலகால் அப்பாவே செய்தார். தண்ணீர்க் கோப்பையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். தலைமயிர் கொட்டக் கொட்ட மாமா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசைக்கு வந்தபோது கண்ணை மூடினார். மயிர் தண்ணீரில் மிதந்து கோப்பை ஓரத்தில் என் விரலில் ஒட்டியது. நான் அழத்தொடங்கினேன். அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பெடியனுக்கு உன்னிலை எவ்வளவு வாரப்பாடு பார்" என்றார். மாமா ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பிள்ளைகளே, அதைவிட நல்ல நேரம் பிறகு வரவேயில்லை.

அன்றே ஏரிக்கரைக்குப் போய், தேவாரம் தெரிந்த ஒருவரை வைத்து, தர்ப்பைக்குப் பதில் ஏதோ புல்லைப் பிடுங்கி, பிண்டச் சோற்றைத் தண்ணீரில் விட்டார்கள். எங்கிருந்தோ பத்துப் பன்னிரண்டு தாரா வாத்துகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்தன. ஒருவர் தடியால் கலைக்கப் போனார். மாமா தடுத்தார். "விடுங்கோ அண்ணை. இஞ்சை அதுகள்தானே காகம்."

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க, நான் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். சாமியார் டெனிஷ்காரர். என் டெனிஷோ அரைகுறை. 'ரேடியோவில் பொய் சொன்னேன், ஒருவர் செத்ததாகச் சொன்னேன்' என்று சொல்லப் பார்த்தேன். அவர் ஏதோ சிறுபிள்ளை நாடகம் என்று விளங்கிக்கொண்டார் போல. மெல்லச் சிரித்த சத்தம் கேட்டது. மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். மூன்றையும் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை. வெளியே வந்து சைக்கிளைத் திறந்தபோது, வந்ததைவிடப் பாரமாக இருந்தது.

முப்பத்தொரு நாள் மாமா மச்சம் மாமிசம் தொடவில்லை. பகல் முழுக்கக் கோழி வெட்டிவிட்டு வந்து, சோறும் பருப்பும் சாப்பிட்டார். ஏறக்குறைய மூன்றரைக் கிழமை கழித்து, தபால்பெட்டியில் ஒரு நீலக் கடிதம் கிடந்தது. பின்பக்கத்தில் அந்தப் பெயர், அந்தக் கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"போறதுக்கு முதல் எழுதியிருக்கிறா" என்றார். "வழியிலை எங்கையோ கிடந்து வருகுது." பிரிக்கவில்லை. தாயின் படத்துக்கு முன் விளக்கடியில் வைத்தார். "முப்பத்தொண்டு கழியட்டும்."

"இப்ப பிரிச்சுப் பாருங்கோ மாமா" என்றேன்.

"வேண்டாம் தம்பி. இது கடைசிக் கடிதமெல்லே. வாசிச்சால் முடிஞ்சுபோடும்."

அந்தக் கடிதம் ஆறு நாள் அங்கே கிடந்தது. ஒவ்வொரு நாளும் ஏதாவது சாட்டுச் சொல்லி மேலே போய்ப் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கும் என்று டென்மார்க்கில் எனக்கும் தங்கச்சிக்கும் மட்டும்தான் தெரியும். தங்கச்சி என்னோடு கதைப்பதை நிற்பாட்டியிருந்தாள்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் சின்ன அறையில் பதினைந்து பேர். மதியச் சாப்பாடு முடிந்து, பெண்கள் வெற்றிலை இல்லாத குறையைக் கதைத்துக்கொண்டு பாக்கை மட்டும் மென்றார்கள். மாமா கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ வாசி தம்பி. உனக்குத்தான் தெளிவான குரல்."

வாசித்தேன். மறக்கவில்லை. "அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ தங்கச்சிக்கு அடிச்ச தந்தி திங்கட்கிழமை வந்தது. அவள் இல்லாததாலை தபால்காரன் என்ரை கையிலைதான் தந்தான்." அங்கே நின்றுவிட்டேன்.

"வாசி" என்றார் மாமா.

"அவள் வந்து வாசிச்சுக் காட்டினாப் பிறகுதான் நான் செத்தது எனக்கே தெரியும். முதல் சிரிச்சன். பிறகு நீ அங்கை தனிய என்ன பாடு படுவாய் எண்டு அழுதன். நான் சாகேல்லை மோனை. மாட்டுக்குத் தவிடு வைச்சிட்டு வந்துதான் இதை எழுதிறன். உனக்கு ஆர் சொன்னதோ தெரியாது. மொட்டை அடிச்சிருந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரி, அங்கை குளிராமே."

முதல் எங்கள் அம்மா சிரித்தா, பிறகு எல்லாரும். மாமா தன் மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தார், அழுதார். என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்தார். "உன்ரை வாயாலைதான் என்ரை அம்மா திரும்பி வந்தா" என்றார். அவருடைய சட்டையில் சாம்பிராணியும் கோழித் தொழிற்சாலைச் சவர்க்காரமும் மணத்தது. இப்போதும் அந்தச் சவர்க்கார மணம் எங்காவது வந்தால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

"சொன்னவன் கையிலை கிடைச்சால் நாக்கை அறுப்பன்" என்றார் அப்பா. எல்லாரும் அந்த ஆளைத் தேடினார்கள். ஒருவர் அவன் வைலே நகரத்தில் இருக்கிறான் என்றார், மற்றவர் கோபன்ஹேகனில் என்றார். வயசான குரலாம், நல்ல தமிழாம். நான் கடிதத்தை மடித்து விளக்கடியில் வைத்தேன். எக்கோப் பெட்டி எப்போதோ அந்தப் பெடியனிடம் திரும்பிப் போயிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை ஒரு பகிடியாக உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

மூன்று வருடம் கழித்து உண்மையாகவே அந்தச் சேதி வந்தது. அப்போது எங்கள் வீட்டில் டெலிபோன் இருந்தது. கொழும்பில் இருந்து யாரோ எடுத்தார்கள். அப்பா மேலே ஓடிப்போய்ச் சொன்னார். மாமா ஷேவ் எடுத்துக்கொண்டு நின்றவர், மீசையைக் கத்தரித்துக்கொண்டே, "இந்தமுறை ஆராம் சொன்னது?" என்று கேட்டார்.

"விளையாட்டில்லை. உண்மையா."

"போனமுறையும் உண்மையாத்தான் சொன்னவை. அம்மா எழுதுவா. பொறுங்கோ."

அவர் பொறுத்தார். வேலைக்குப் போனார். கோழிக்கறி சாப்பிட்டார். ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் தானே திறந்து பார்த்தார். கடைசியில் அவருடைய தங்கச்சியின் கடிதம் வந்தது, செத்தவீட்டுப் படத்தோடு. அப்போது முப்பத்தொன்றும் கழிந்து ஒன்பது நாள். செய்யவேண்டியது எதையும் செய்யவேண்டிய நாளில் அவர் செய்யவில்லை. உயிரோடு இருந்த தாய்க்கு எல்லாம் செய்தவர், செத்த தாய்க்கு ஒன்றும் செய்யாமல் விட்டார். அன்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. தானே மழித்தார். மீசையைப் பிறகு வளர்க்கவேயில்லை.

எனக்குப் பதினைந்து வயது. வாய் திறக்கவில்லை. பிறகு வேலை, கலியாணம், நீங்கள். தங்கச்சி, உங்கள் மாமி, ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் என்னைப் பார்ப்பா. கேட்கமாட்டா.

நாலு ஞாயிற்றுக்கிழமைக்கு முன், சாப்பிட்டு முடிந்து நீங்கள் விளையாடப் போன பிறகு, மாமாவிடம் சொன்னேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் தெரியாது. சின்னவள் அவருக்குத் தன் டெலிபோனில் குரலை மாற்றிக் காட்டினாள், அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அதைத் தாங்க முடியவில்லை என்று வையுங்கள்.

அவர் காதில் உள்ள கருவியைச் சரிசெய்துகொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார், "ரேடியோவிலை சிக்னல் ஊசி முட்ட எழும்பி நிண்டது. கண்டனான். கிட்டத்து ஆள் எண்டு அப்பவே விளங்கியிருக்கவேணும். அந்த நேரம் ஊசியை ஆர் யோசிச்சது." கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "முதல் சொன்னது விளையாட்டு. அது விளங்குது. குழந்தையள். ரெண்டாந்தரம் ஏன் சொன்னனீ?"

"தெரியாது மாமா" என்றேன்.

"நாப்பது வரியமா யோசிச்சும் தெரியாதோ?" கோபமாகக் கேட்கவில்லை. கோட்டைத் தானே போட்டுக்கொண்டார். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. வாசலில் நின்று, "தெரிஞ்சால் வந்து சொல்லு. பிள்ளையளுக்கும் சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

மூன்று கிழமையாக அந்தக் கேள்வியோடு இருந்தேன். இதை எழுத எழுதத்தான் பிடிபட்டது. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் நான் ஊமை. டெனிஷ் தெரியாதவனைச் சின்ன வகுப்பில் இருத்தியிருந்தார்கள், கதிரை சின்னது, என் முழங்காலுக்குக் காணாது. கடையில், பஸ்ஸில், வீட்டில்கூட ஒருவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அன்றைக்கு ஒரு பெரிய மனிதர், நடுங்கிக்கொண்டு, என்னை "ஐயா" என்று கூப்பிட்டார். திரும்பச் சொல்லுங்கோ என்று கேட்டார். அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. அதனால் சொன்னேன். வேறு காரணம் இல்லை. அதற்காக ஒரு தாயைச் சாகடித்து, ஒரு மகனின் துக்கத்தைக் கெடுத்தேன்.

இதுதான் மறுமொழி. நல்ல மறுமொழி இல்லை, தெரியும். நாளைக்குக் காலை, இன்னும் அந்தப் பழைய கட்டிடத்திலேயே இருக்கும் அவருடைய மூன்றாம் மாடிக்கு, இந்தக் கடதாசியைக் கொண்டுபோய் நானே வாசிக்கப்போகிறேன். அவர் காதுக்குச் சரியாகக் கேட்காது. திரும்பச் சொல் என்றால் திரும்பச் சொல்லுவேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய கதிரையை எடுக்காதீர்கள்.